கைக்கு வராத கம்பு

கர்ணன் வாத்தியாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிலம்பம் பழக வந்த பையன் கும்பிடக் குனிந்தால் அவர் ஓரடி பின்னால் போவார். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. வலது குதிகால் லேசாக மண்ணில் இழுபடும். இடது கால் சத்தமில்லாமல் அதன் பின்னால் போய்ச் சேரும். பையன் வெறும் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்வான். அவன் தொட்ட இடத்தில் கொஞ்சம் முன்னால்வரை வாத்தியாரின் கால் இருந்திருக்கும்.

இதைக் கவனித்தவள் அவர் மனைவி மொக்கம்மாள் ஒருத்திதான்.

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஓடைப்புதூர். முதலில் மேலத்தெரு, அதைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் காலனி. காலனிக்கு முன்னால் பழைய நெற்களம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் கர்ணன் சாயங்காலங்களில் சிலம்பம் சொல்லிக் கொடுத்தார். விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற ஆள். திரும்பி வந்து இறங்கியதும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நேரே களத்துக்குப் போவார். மொக்கம்மாள் திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை முடித்து வந்து, களத்தோரம் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அரிசியில் கல் பொறுக்குவாள். தேவதானப்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த காலத்திலிருந்தே அவளுக்குப் பேச்சு குறைவு. நாலு பேர் சேர்ந்தாற்போல் இருந்தால் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவாள். அவளிடம் ஒரு வார்த்தை வாங்க ஒரு படி நெல் கொடுக்க வேண்டும் என்று காலனியில் கேலி பேசுவார்கள்.

வாத்தியார் பின்னால் போவதை முதலில் அவள் பணிவு என்றே நினைத்தாள். காலில் விழவைக்கக் கூச்சப்படுகிற மனுஷன் என்று பெருமையாகக்கூட இருந்தது. பிறகொரு நாள் அம்மாவாசி கும்பிட்டதைப் பார்த்தாள். அவன் காலனிப் பையன். அவன் குனிந்தபோது கர்ணன் நகரவில்லை. அவன் இரண்டு பாதங்களையும் தொட்டான். இவர் அவன் தலையில் கை வைத்தார். அவனுக்கு அடுத்து நின்றவன் மேலத்தெரு சுந்தரலிங்கம். அவன் குனிந்தான். குதிகால் இழுபட்டது.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். காலனிப் பையன்களுக்கு நின்றார். மேலத்தெருப் பையன்களுக்கு நகர்ந்தார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அன்றைக்கு அரிசியில் பொறுக்கி வைத்திருந்த கல்லையெல்லாம் திரும்ப அரிசியிலேயே கொட்டி உலையில் போட்டாள். சாப்பிட உட்கார்ந்த கர்ணனுக்குப் பல்லில் நறுக்கென்றது.

"என்ன புள்ள, கல்லுச் சோறா இருக்கு?"

"தின்னு" என்றாள் மொக்கம்மாள்.

கர்ணன் இந்த வித்தையைக் கற்றது கெங்குவார்பட்டியில், ஞானசிகாமணி வாத்தியாரிடம். இளவட்டத்தில் அந்தப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர், கரும்பை விட்டுவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டார். ஞானசிகாமணி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வேறெங்கும் யார் காலிலும் விழாதவர், தன் வாத்தியார் காலில் மட்டும் விழுந்தவர். அவர் வரிசையில் ஒரு கட்டு உண்டு. வாத்தியார்தான் மூங்கில் பார்த்து வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் ஏற்றி, மாணவன் உயரத்துக்கு அளந்து நறுக்கி, தன் கையால் அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் வாங்கிக்கொண்டு காலைத் தொட வேண்டும். அந்தக் கம்பைத் தரையில் போடக்கூடாது, சுவரில் சாத்தி வைக்க வேண்டும். ஒருவரும் தாண்டக்கூடாது. என்றாவது அவன் வேறொரு வாத்தியாரைத் தேடிப் போனால் அதில் குற்றமில்லை. ஆனால் முதல் கம்பை முதல் வாத்தியாரின் கையில் திருப்பிக் கொடுத்து, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கையில் வாங்கியதைக் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டு முதல்முறை உடைந்தது தொண்ணூற்றாறாம் வருடம், பால்பாண்டி தன் மகன் சுந்தரலிங்கத்தைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு. ஊரில் பெரிய திராட்சைத் தோட்டம் பால்பாண்டியுடையது. மொக்கம்மாள் வேலைக்குப் போனதும் அங்கேதான்.

"ஏப்பா கர்ணா, திருவிழாவுல நீ கம்பு சுத்துனதப் பாத்ததுலருந்து இந்தப் பய வீட்டுல ஒட்டடைக் குச்சிய எடுத்துச் சுத்திக்கிட்டுத் திரியிறான். நேத்து ஊறுகாச் சாடி போச்சு. இவுக ஆத்தா என்னையப் போட்டு ஏசுறா. நாலு வீச்சு சொல்லிக் குடுத்து விடு."

"அதுக்கென்னங்கய்யா, செஞ்சுருவோம்."

கர்ணன் மலையிலிருந்து மூங்கில் கொண்டுவந்தார். வாட்டினார், நிமிர்த்தினார், அளந்தார். பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும். கம்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். கர்ணனும் நீட்டினார். பின்னால் நின்ற பால்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"கீழ வையிப்பா. எடுத்துக்கிருவான்."

கர்ணன் வைத்தார். தரையில் போடக்கூடாத கம்பைத் தன் கையால் தரையில் வைத்தார். பையன் எடுத்துக்கொண்டான். "வாத்தியாரக் கும்புட்டுக்க" என்று யாரோ சொன்னார்கள். பையன் அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குனிந்தான். அன்றைக்குத்தான் அந்தக் குதிகால் முதன்முதலாக நகர்ந்திருக்க வேண்டும் என்று பின்னால் யோசித்துப் பார்த்து மொக்கம்மாள் கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு மேலத்தெருவிலிருந்து இன்னும் பையன்கள் வந்தார்கள். எல்லோருக்கும் கம்பு தரையில்தான். களத்துக்குள் "வாத்தியாரே, வாத்தியாரே" என்பார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் அதே வாய்கள் "கர்ணன் நேத்து சொன்னான்ல" என்று பேசிக்கொண்டு போகும். மொக்கம்மாள் பாலத்தடியில் துணி துவைக்கும்போது கேட்டிருக்கிறாள். துணியை ஓங்கி ஓங்கி அறைவாள். கர்ணனின் சட்டையில் பொத்தான் தங்காததற்கு அதுதான் காரணம்.

சுந்தரலிங்கம் கெட்ட பையன் இல்லை. கெட்ட பையனாக இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். மற்றவர்கள் போன பிறகும் நின்று பழகுவான். ஒருநாள் அம்மாவாசியோடு மோதிப் பழகும்போது கம்பு நழுவி நெற்றி பிளந்துவிட்டது. மொக்கம்மாள் ஓடிப்போய் அவனை மடியில் கிடத்தினாள். புடவைத் தலைப்பைக் கிழித்து, மஞ்சளை அப்பிக் கட்டினாள். எப்போதும் அவளை "மொக்கம்மா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், வலியில் "அம்மா, அம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினாள். பின்வாசலுக்குப் பையனின் அம்மா வந்தாள். காயத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு குடம் தண்ணீரைப் பையனின் தலையில் கொட்டினாள். கட்டை அவிழ்த்து, அந்தத் துணியைக் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விட்டாள். அதற்குப் பிறகுதான், "அய்யோ என் ராசா, என்னடா ஆச்சு" என்று அழுதாள்.

பாதி கிழிந்த புடவையோடு மொக்கம்மாள் வீட்டுக்கு நடந்து வந்தாள். கர்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பையனுக்கு எப்படி இருக்கு?"

"குளிப்பாட்டிட்டாக."

அவர் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு பீடியை எடுத்ததுதான் அவளைக் கிளப்பிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது.

"குச்சி வர்றப்ப பின்னாடி போகாதன்னு பயலுகளுக்குத் தொண்டை கிழியச் சொல்ற. ஓரடி பின்னாடி போனா மறு அடி மண்டையிலன்னு சொல்ற. நீ ஏய்யா போற?"

"நான் எங்க போறேன்?"

"எங்கிட்டயா கேக்குற? உன் குதிகாலக் கேளு."

கர்ணன் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்து உருட்டினார்.

"அவுக தொட மாட்டாக புள்ள. நான் நின்னா சின்னப்பய நடுவுல முழிப்பான். தொட்டா வீட்டுல அடி, தொடாட்டி எங்கிட்ட மொறை தப்புனதா ஆகும். நான் நகந்துக்கிட்டா அவனுக்கும் சங்கட்டமில்ல, எனக்கும் சங்கட்டமில்ல."

"எனக்கு இருக்கே."

"உன்னைய யாரு பாக்கச் சொன்னது?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பார்ப்பதையும் விடவில்லை.

வருடங்கள் போயின. லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறந்தால் வாய்க்கால் நிறையும், நடவு நடக்கும், அறுப்பு நடக்கும். சுந்தரலிங்கம் மீசை முளைத்த ஆளாகி, கம்பத்தில் காலேஜுக்குப் போனான். சாயங்காலம் களத்துக்கு வருவதை மட்டும் விடவில்லை. அவன் கம்பு சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். கர்ணனின் வீச்சு அப்படியே அவனுக்கு இறங்கியிருந்தது. முட்டியை மடக்கித் தரையோடு தரையாகக் கம்பை அறுத்துக்கொண்டு எழும்புகிற ஒரு சுற்று ஞானசிகாமணி கர்ணனுக்குக் கொடுத்தது. அதைக் கர்ணன் அம்மாவாசிக்கும் இவனுக்கும் மட்டும்தான் கொடுத்திருந்தார்.

அந்த நாளில்தான் தேனியிலிருந்து விஜயகுமார் மாஸ்டர் வந்தார். டிராக் சூட், கழுத்தில் விசில், சங்கத்தில் ஏதோ பதவி. காலேஜில் சுந்தரலிங்கம் கம்பு சுற்றியதைப் பார்த்துவிட்டுப் போட்டிகளுக்குக் கூட்டிப்போனார். எத்தனை புள்ளி, எப்படி நிற்க வேண்டும், நடுவர் முன்னால் எப்படி வணங்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தார். இரண்டாயிரத்து ஐந்தில் மாநிலப் போட்டியில் சுந்தரலிங்கம் தங்கப் பதக்கம் வாங்கினான். முட்டியை மடக்கி எழும்புகிற அந்தச் சுற்றில்தான் எதிராளி விழுந்தானாம். கர்ணன் ஜீப்பில் வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்குக் களத்தில் எல்லாப் பையன்களுக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார்.

மேலத்தெரு மண்டபத்தில் பாராட்டு விழா. அச்சடித்த பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போனது. காலனிக்கு வரவில்லை. தோட்டத்துக் கங்காணி போகிறபோக்கில், "கர்ணனையும் வந்துரச் சொன்னாக" என்று மொக்கம்மாளிடம் சொன்னான். கர்ணன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தார். கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை. இருவரும் மைக்செட்காரன் பக்கத்தில், தூணோரமாக நின்றார்கள். "கர்ணா, சும்மாதான நிக்குற, அந்தத் தண்ணி டிரம்மக் கொஞ்சம் இங்கன நகத்து" என்று ஒருவர் சொன்னார். கர்ணன் நகர்த்தினார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரமாகிவிட்டது.

சுந்தரலிங்கம் மேடையில் மைக்கைப் பிடித்தான். அவன் நெற்றித் தழும்பு கீழிருந்து தெரிந்தது.

"இந்த வெற்றிக்குக் காரணம் என் குருநாதர். எனக்கு இந்தக் கலையை அ-விலிருந்து சொல்லிக் கொடுத்த என் ஆசான் விஜயகுமார் மாஸ்டர் அவர்களின் பாதங்களில் இந்தப் பதக்கத்தைச் சமர்ப்பிக்கிறேன்."

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மாஸ்டர் ஷூ போட்டிருந்தார். அந்த ஷூவை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை அதில் வைத்தான். அவன் அம்மா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. அடுத்துப் பேசிய மாஸ்டர், குருவை மதிக்காதவனுக்குக் கம்பு கையில் நிற்காது, பெரியவர்கள் காலைத் தொடுவதால் யாரும் தாழ்ந்துபோவதில்லை என்று நல்ல குரலில் பேசினார். அதற்கும் கைதட்டினார்கள்.

அ-விலிருந்து. மொக்கம்மாளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. இவனுக்கு இடுப்பு வளையாது என்று அல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தோம். வளைகிறது. நன்றாக வளைகிறது. ஷூத் தோலை நெற்றியில் ஒற்றுகிற அளவுக்கு வளைகிறது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கர்ணன் ஈரச் சட்டையோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, "நல்லாப் பேசுனான்ல" என்றார்.

வாய்க்கால் பாலத்தில் அவள் நின்றாள்.

"கம்பு எங்க?"

"எந்தக் கம்பு?"

"நீ வெட்டிக் குடுத்தது. வேற வாத்தியார் பிடிச்சுட்டான்ல. திரும்பி உன் கைக்கு வரணுமா இல்லையா?"

"அட, அதெல்லாம் நம்ம பயலுகளுக்கு."

"அப்ப அவனுக்குச் சொல்லிக் குடுத்தது வேற வித்தையா? அவனுக்கு வெட்டுனது மூங்கில் இல்லையா, முருங்கைக் குச்சியா?"

கர்ணன் முன்னால் நடந்தார்.

மறுநாள் தோட்டத்தில் பெண்கள் பந்தலுக்குக் கீழே நின்று, கொத்துக்கொத்தாகத் தொங்கிய பன்னீர்த் திராட்சையில் சொத்தைப் பழத்தைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சோணையம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏ மொக்கு, உன் புருசன் வளத்த கெடாய்க்கு மெடலு போட்டாகளாம்ல. உங்களுக்கு என்னடி போட்டாக?"

"தண்ணி டிரம்முதான் போட்டாக" என்றாள் இன்னொருத்தி. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

மொக்கம்மாள் கத்தரியைக் கூடையில் வைத்தாள்.

"எங்கடி போற? கங்காணி பாத்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு."

"நிப்பாட்டட்டும். கம்பு வாங்கப் போறேன்."

"கம்பா, சோளமா?" என்று சோணையம்மாள் சிரித்தாள். மொக்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஆத்தா, பாத்துப் பேசு" என்றாள் மெதுவாக.

உச்சிவெயில். பால்பாண்டி வீட்டு முன்வாசலில் போய் நின்றாள். அந்த வீட்டுக்கு அவள் பின்வாசல் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறாள். முன்வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை. உள்ளே சொந்தக்காரர்கள், பலகாரத் தட்டுகள். மாஸ்டரும் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் பதக்கம் தொங்கியது. அதன் பக்கத்தில் சாத்தியிருந்த கம்பைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. கர்ணன் வாட்டிய கம்பு. பிடிக்கும் இடம் கறுத்து வழவழப்பாக இருந்தது. அவன் வளர்ந்த பிறகு எத்தனையோ கம்பு பிடித்தும், சின்ன வயசுக் கம்பைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான்.

"என்ன மொக்கம்மா, வேலைக்குப் போகலையா? பின்பக்கமா போ, பலகாரம் தரச் சொல்றேன்" என்றார் பால்பாண்டி.

"பலகாரம் வேணாங்கய்யா." புடவைத் தலைப்பைக் கழுத்தோடு பிடித்திருந்த கையை விட்டாள். "தம்பி வேற வாத்தியாரப் பிடிச்சிருச்சு. முதக் கம்ப முத வாத்தியார் கையில திருப்பிக் குடுக்கணும். அதான் மொறை. அதைக் கேட்டு வந்தேன்."

பால்பாண்டி சிரித்தார்.

"கம்புதான? நாலு கம்பு வாங்கித் தரச் சொல்றேன், போ."

"நாலும் வேணாம், நாப்பதும் வேணாம். அந்தா சாத்தியிருக்குல்ல, அது. தம்பி கையால எங்க வீட்டுக்காரவுக கையில குடுக்கணும். சாயங்காலம் களத்துல நிப்பாக."

வீட்டில் புருஷனை வா போ என்று பேசுகிறவள், ஊருக்குள் அவரைப் பற்றி அப்படி மரியாதை வைத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"என்னய்யா இது, காலனிப் பொம்பள வாசல்ல நின்னு சட்டம் பேசுது" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மாஸ்டர் கை துடைப்பதை நிறுத்திவிட்டு சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். "உனக்கு முன்னாடி ஒரு வாத்தியார் இருந்தாரா? நானாப் பாத்துப் பழகுனேன்னுதானப்பா எங்கிட்டச் சொன்ன?"

சுந்தரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் அவனுக்குக் குனியத் தெரிந்தது.

"அப்படி மொறை இருந்தா அதச் செஞ்சுர்றது நல்லதுங்க" என்று மாஸ்டர் பால்பாண்டியிடம் முனகினார். நேற்று மேடையில் பேசியதை இன்றைக்குத் திருப்பிப் பேச அவருக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போய்விட்டார்.

"சரி, போ. வருவான்" என்றார் பால்பாண்டி. அவர் முகம் சிவந்திருந்தது.

சாயங்காலம் காலனியே களத்தில் கூடிவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி விஷயத்தைக் கேட்ட கர்ணன் முகம்கூடக் கழுவாமல் அவளிடம் வந்தார்.

"என்ன காரியம் புள்ள பண்ணிட்ட? இனி இந்த ஊருல குடியிருக்க வேணாமா?"

"இப்ப மட்டும் குடியா இருக்கோம்?" என்றாள்.

பால்பாண்டியும் சுந்தரலிங்கமும் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். பால்பாண்டி களத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டார். கம்போடு வந்த மகன் கர்ணனுக்கு எதிரில் நின்றான். இப்போது அவன் கர்ணனைவிட உயரம். அவனுக்கு ஒன்பது வயசில் வெட்டிய அந்தக் கம்பு அவன் நெஞ்சுக்குக்கூட வரவில்லை.

மொக்கம்மாள் நடந்துபோய்க் கர்ணனின் முதுகுக்குப் பின்னால், ஒட்டினாற்போல் நின்றாள்.

சுந்தரலிங்கம் குனிந்தான். கம்பைத் தரையில் வைத்தான். மண்ணைத் தொடக் கையை நீட்டினான். கர்ணனின் வலது குதிகால் எழும்பிப் பின்னால் வந்தது. வந்து மொக்கம்மாளின் கால்விரல்களின் மேல் ஏறி நின்றது.

"மிதிச்சுட்டேனா?" என்றார் திரும்பாமலே.

"மிதி. நான் நகர மாட்டேன்."

கர்ணன் காலை எடுத்து முன்னால், இருந்த இடத்திலேயே வைத்தார். சுந்தரலிங்கத்தின் கை அந்தக் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோனது. மண்ணையும் தொடவில்லை, காலையும் தொடவில்லை. நிமிர்ந்துவிட்டான்.

"தம்பி, அத எடு" என்றார் கர்ணன். பையன்களுக்கு வீச்சு சொல்லிக் கொடுக்கும்போது வருகிற குரல் அது. "நான் அன்னைக்குத் தரையில வச்சது தப்பு. என் வாத்தியாருக்கு நான் செஞ்ச துரோகம் அது. காலத் தொட வேணாம். யாரும் என்னைக் கும்புட வேணாம். எடுத்துக் கையில குடு. அது போதும்."

கையை நீட்டினார். ஏலக்காய்க் கறை படிந்த கை.

சுந்தரலிங்கம் கம்பை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துப் பாதிவரை நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதை மொக்கம்மாள் பார்த்தாள். ஒரு முழம் இடைவெளிதான்.

"ஏலே! கீழ போட்டுட்டு வாடா" என்றார் பால்பாண்டி.

ஒன்பது வயசில் திரும்பிப் பார்த்த மாதிரியே அவன் திரும்பி அப்பனைப் பார்த்தான். கையை விட்டான். கம்பு விழுந்து கொஞ்சம் உருண்டு நின்றது. அவன் வாய்க்கால் பாலத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். கர்ணனின் கை நீட்டியபடியே இருந்தது.

அம்மாவாசி ஓடிப்போய்க் கம்பை எடுக்கக் குனிந்தான்.

"தொடாத" என்றார் கர்ணன். "போட்டவன் வந்து எடுக்கட்டும்."

மறுநாளே மொக்கம்மாளைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேலத்தெருப் பையன்கள் அதற்கப்புறம் களத்துக்கு வரவில்லை. திருவிழாவில் சிலம்பத்துக்கு வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். மொக்கம்மாள் கர்ணனோடு ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். குளிரும் அட்டைக்கடியும் பழகிவிட்டன. கோபம் பழகவில்லை, அது அப்படியே இருக்கிறது. போன வருடம் மேலத்தெருவிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கர்ணன் கம்பை நீட்டினார். "கீழ வையிப்பா" என்றார் அவர். கர்ணன் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அவர்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

இது இரண்டாயிரத்துப் பத்து. சுந்தரலிங்கம் கம்பத்தில் சிலம்பப் பள்ளி நடத்துகிறான். அவனிடம் படிக்கிற பிள்ளைகள் தினமும் அவன் காலைத் தொட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். களத்தை ஒட்டிய சாலையில் பைக்கில் போகும்போது அவன் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. கர்ணனிடம் காலனிப் பிள்ளைகள் மட்டும் பழகுகிறார்கள். யார் குனிந்தாலும் அவர் இப்போது பின்னால் போவதில்லை. கம்பு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பாதிக்கு மேல் கறையான் தின்றுவிட்டது. பிள்ளைகள் அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.